கண் கட்டிய சர்வோ: ரோபோ வண்டிக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் அறிவியல் கண்காட்சிகளில் சிறு ரோபோ வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் வண்டி, எதிரே சுவரைக் கண்டதும் திரும்பிக்கொள்ளும் வண்டி எனப் பலவகை உண்டு. இவற்றின் மின்னணுப் பலகைக்கும் நிரலுக்கும் மாணவர்கள் வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். மோட்டாரை மட்டும் கடைசி நேரத்தில், கடையில் எது மலிவோ அதை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். கண்காட்சி அன்று வண்டி நிற்கச் சொன்னால் நகர்கிறது. நேராகப் போகச் சொன்னால் வளைந்து மேசையிலிருந்து கீழே விழுகிறது. நிரலில் பிழை தேடி நேரம் வீணாவதுதான் மிச்சம். பிழை பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை.

இத்தகைய வண்டிகளில் மிகுதியாகப் பயன்படுவது தொடர்ந்து சுழலும் சர்வோ மோட்டார். இதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், முதலில் சாதாரண சர்வோ எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வோ என்ற சொல்லுக்கு வேர், அடிமை அல்லது ஏவலாள் என்று பொருள்படும் லத்தீன் சொல். ஜோசப் ஃபார்கோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1873இல் சர்வோ மோட்டார் என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய சர்வோ நீராவியால் இயங்கியது. கப்பலின் கனத்த சுக்கானைத் திருப்ப அது உதவியது. மாலுமி சிறு நெம்புகோலை எவ்வளவு திருப்புகிறானோ, சுக்கானும் அவ்வளவே திரும்பி நின்றுவிடும். சொன்ன இடத்துக்குப் போய் நிற்பது என்ற அந்தக் குணம்தான் இன்றைய சிறிய மின்சார சர்வோவுக்கும் உயிர்நாடி.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதான அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நான்கு பொருள்கள் உள்ளன. நேர்மின்னோட்டத்தில் ஓடும் சிறு மோட்டார் ஒன்று; அதன் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பற்சக்கர வரிசை; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டோடு சேர்ந்து திரும்பும் ஒரு மாறுமின்தடை; இவற்றை ஆளும் ஒரு மின்சுற்று. வெளியே மூன்று கம்பிகள் வருகின்றன. இரண்டு மின்சாரத்துக்கு, மூன்றாவது கட்டளைக்கு.

கட்டளை துடிப்புகளாக வருகிறது. 20 மில்லி வினாடிக்கு ஒன்றாக, வினாடிக்கு 50 துடிப்புகள். துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் செய்தி. 1.5 மில்லி வினாடி நீடித்தால் நடுவில் நில் என்று பொருள். 1 மில்லி வினாடி என்றால் ஒரு பக்கம் போ; 2 மில்லி வினாடி என்றால் மறுபக்கம் போ. மாறுமின்தடை இப்போது தண்டு எங்கே இருக்கிறது என்று மின்சுற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். போக வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு மறையும்வரை மின்சுற்று மோட்டாரை ஓட்டும். வேறுபாடு மறைந்ததும் நிறுத்திவிடும்.

அப்படியானால் தொடர்ந்து சுழலும் சர்வோ என்பது என்ன? செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிவிட்டால், தான் ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம் என்று அதற்குத் தெரியாது, நடந்துகொண்டே இருக்கும். இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள். மாறுமின்தடையைத் தண்டிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். அல்லது அதை எடுத்துவிட்டு, சம அளவுள்ள இரண்டு நிலையான மின்தடைகளை வைத்துவிடுகிறார்கள். தண்டு எங்கே திரும்பினாலும் மின்சுற்றுக்கு அது நடுவிலேயே நிற்பதாகத்தான் தோன்றும். 1.7 மில்லி வினாடித் துடிப்பு வந்தால், இன்னும் போய்ச் சேரவில்லையே என்று மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அரைச் சுற்றுக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் சிறு முட்டையும் பற்சக்கரத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். ரோபோ ஆர்வலர்கள் முன்பு இந்த அறுவைச் சிகிச்சையை வீட்டு மேசையிலேயே செய்தார்கள். இன்று தொழிற்சாலையிலேயே கண் கட்டப்பட்டு வருகிறது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, இந்தச் சர்வோவுக்குத் தன் இடம் தெரியாது. 90 பாகை திரும்பு என்று அதனிடம் சொல்ல முடியாது. ஆர்டுயினோ நிரலில் 90 என்று எழுதினால் அது நிற்கும். 0 என்றால் ஒரு திசையில் முழு வேகம். 180 என்றால் எதிர்த்திசையில் முழு வேகம். அந்த எண்கள் பாகைகள் என்று நம்பிக் குழம்பாதவர் குறைவு. இரண்டாவது, அதற்குத் தன் வேகமும் தெரியாது. துடிப்பின் நீளத்தை மாற்றினால் வேகம் மாறுவது உண்மையே; ஆனால் ஏற்றத்தில் சுமை கூடும்போது வேகம் குறைந்தால் அதைச் சரிசெய்ய உள்ளே யாரும் இல்லை. அதோடு, வேகம் மாறும் இடைவெளி மிகக் குறுகியது. பாரலாக்ஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற கல்வி ரோபோ வண்டியில் உள்ள சர்வோ 1.3 மில்லி வினாடியிலேயே ஒரு திசையில் முழு வேகத்தை எட்டிவிடுகிறது, 1.7இல் மறு திசையில் முழு வேகம். அதாவது நிற்பதற்கும் முழு வேகத்துக்கும் நடுவே மில்லி வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்டு.

மூன்றாவதுதான் மிகவும் தொல்லை தருவது. உள்ளே உள்ள இரு மின்தடைகளும் முற்றிலும் சமமாக இருந்தால்தான் 1.5இல் மோட்டார் நிற்கும். சிறிது ஏறுமாறாக இருந்தாலும் நடுப்புள்ளி நகர்ந்துவிடும். நிற்கச் சொன்ன வண்டி நத்தையைப் போல் ஊர்வதற்குக் காரணம் இதுவே. சூடு ஏறும்போதும் இந்த நடுப்புள்ளி சற்று நகரக்கூடும். ஆகவே நல்ல சர்வோ எது என்று கேட்டால், நடுப்புள்ளி நகராமல் நிலைத்திருப்பதே நல்லது என்பேன். வேகமும் வலிமையும் அதற்கு அடுத்தபடிதான்.

இனி வலிமைக்கு வருவோம். சர்வோவின் வலிமையைக் கிலோகிராம்-சென்டிமீட்டர் என்னும் அலகில் குறிப்பிடுகிறார்கள். 3 கி.கி.-செ.மீ. என்றால், தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தொலைவில் 3 கிலோ எடையைத் தாங்கும், 3 செ.மீ. தொலைவில் 1 கிலோ. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விவரத்தாளில் கொடுக்கப்படும் எண், மோட்டார் திணறி நின்றுபோகும் கணத்தில் உள்ள முறுக்கு விசை. அந்த விசையில் மோட்டார் சுழலாது, சூடேறிக் கருகும். நாள்தோறும் வேலை வாங்க வேண்டுமானால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதிருப்பது நல்லது.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1 கிலோ. சக்கரத்தின் விட்டம் 7 செ.மீ., ஆரம் 3.5 செ.மீ. என்று கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையை 34 செ.மீ. உயர்த்தி, அதன்மேல் வண்டி ஏற வேண்டும். சாய்தளத்தின் விதிப்படி, வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 1 கிலோவில் நூற்றுக்கு 34 பங்கு, அதாவது 340 கிராம். உருளும்போது ஏற்படும் உராய்வுக்கு 60 கிராம் சேர்த்தால் 400 கிராம். இதை ஆரத்தால் பெருக்க 1.4 கி.கி.-செ.மீ. கிடைக்கும். இரண்டு மோட்டார்கள் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றுக்கும் 0.7. இதை மூன்றால் பெருக்கினால் 2.1. ஆகவே 3 கி.கி.-செ.மீ. அளவுள்ள சாதாரணப் பருமனுள்ள சர்வோ இந்த வண்டிக்குத் தாராளமாகப் போதும்.

ஃபீடெக் நிறுவனத்தின் எஃப்.எஸ்.90 ஆர் என்னும் சிறு சர்வோ மாணவர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. எடை வெறும் 9 கிராம், 4.8 வோல்ட்டில் 1.3 கி.கி.-செ.மீ., 6 வோல்ட்டில் 1.5. வேகமோ 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 130 சுற்று. நம்முடைய 1 கிலோ வண்டியைச் சமதரையில் இது ஓட்டிவிடும், ஏற்றத்தில் திணறும். வண்டி 300 கிராமுக்குள் அடங்குமானால் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வேகம் அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 50 சுற்று என்றாலே, 7 செ.மீ. சக்கரம் வினாடிக்கு 18 செ.மீ. ஓடிவிடும். கோட்டைத் தேடி ஊர்கிற வண்டிக்கு அதுவே அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதைப் பலர் போடுவதில்லை. வண்டி சுவரில் முட்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் தரையில் வழுக்கிச் சுழன்றால் மோட்டார் பிழைத்தது. சக்கரம் வழுக்காமல் மோட்டார் நின்றுபோனால், உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிக் கம்பிச் சுருளைத் தீய்க்கும். ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் 400 கிராம் சுமை இருப்பதாகவும், தரைக்கும் ரப்பருக்கும் உள்ள உராய்வெண் 0.7 என்றும் கொண்டால், 280 கிராம் விசையில் சக்கரம் வழுக்கிவிடும். 3.5 செ.மீ. ஆரத்தில் இது ஏறத்தாழ 1 கி.கி.-செ.மீ. எனவே 3 கி.கி.-செ.மீ. சர்வோ ஒருபோதும் முட்டி நிற்காது. சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான். 1.3 உள்ள சிறு சர்வோ விளிம்பில் நிற்கிறது. மின்கலம் சற்று இளைத்திருந்தாலோ, தரை சொரசொரப்பாக இருந்தாலோ அது நின்று கருகும்.

பற்சக்கரங்கள் பிளாஸ்டிக்கா, உலோகமா என்று கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. உலோகம் என்றதும் உயர்ந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் பற்கள் சத்தமின்றி ஓடும், எடையும் குறைவு; ஆனால் திடீர் அதிர்ச்சியில் உடையும். உலோகப் பற்கள் அதிர்ச்சியைத் தாங்கும். நாளாவட்டத்தில் தேய்ந்து இடைவெளி விழும். கீழே விழ வாய்ப்புள்ள வண்டிக்கும் சுமை தூக்கும் வண்டிக்கும் உலோகம் வேண்டும். மற்றதற்கெல்லாம் நல்ல பிளாஸ்டிக்கே போதும். எதுவானாலும் தண்டைக் கையால் பிடித்து வலிந்து திருகிப் பார்க்காதீர்கள். பற்கள் உடைவது பெரும்பாலும் ஓட்டத்தில் அல்ல, கடைசிப் பற்சக்கரத்திலிருந்து உள்நோக்கி இப்படித் திருகும்போதுதான்.

பற்சக்கரத்தைவிட நான் முக்கியமாகக் கருதுவது தண்டைத் தாங்கும் பகுதி. சாதாரணச் சர்வோ விமானத்தின் இறக்கைத் துடுப்பை அசைக்கும். அதன் தண்டு எடை சுமப்பதில்லை. நம் வண்டியிலோ சக்கரம் நேராகத் தண்டிலேயே மாட்டப்படுகிறது. வண்டியின் எடை முழுவதும் அந்தச் சிறு தண்டின்மேல் இறங்குகிறது. வெறும் பிளாஸ்டிக் துளையில் சுழலும் தண்டு விரைவில் துளையை நீள்வட்டமாக்கிவிடும், சக்கரம் தள்ளாடும். பால் பேரிங் உள்ள சர்வோவாகப் பார்த்து வாங்குங்கள். சக்கரத்தைச் சர்வோவின் உடலை ஒட்டியே மாட்டுங்கள். வெளியே தள்ளி மாட்டினால் நெம்புகோல் தத்துவப்படி பளு பெருகும். தண்டின் முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஃபுடாபா முறையில் 25 பற்கள், ஹைடெக் முறையில் 24. ஒன்றுக்குரிய சக்கரம் மற்றதில் பொருந்தாது. அடித்து இறக்கினால் இரண்டும் பாழ்.

பெட்டியின் மேல் உள்ள 360 பாகை என்ற எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். சிலர் அதைத் தொடர்ந்து சுழலும் என்ற பொருளில் எழுதுகிறார்கள். சிலர் ஒரு முழுச் சுற்றுக்குள் எந்த இடத்திலும் போய் நிற்கும் என்ற பொருளில் எழுதுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு பண்டங்கள். பின்னது சக்கரத்துக்கு உதவாது. கடைக்காரரிடம், துடிப்பு வந்தால் ஓடிக்கொண்டே இருக்குமா, போய் நிற்குமா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

மோட்டாரின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி உண்மையில் மின்கலத்தைச் சேரவேண்டியவை. பெரும்பாலான சர்வோக்கள் 4.8 முதல் 6 வோல்ட் வரைக்கும் ஏற்றவை. 1.5 வோல்ட் மின்கலம் நான்கைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் மின்கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8, ஐந்து சேர்ந்தால் 6. இரண்டு லித்தியம் மின்கலங்களை நேராக இணைத்துவிடாதீர்கள். முழுதும் ஏறிய நிலையில் 8.4 வோல்ட் இருக்கும். நடுவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று ஒன்று வேண்டும். சிறிய செவ்வக வடிவ 9 வோல்ட் மின்கலமும் வேண்டாம். அதற்கு வோல்ட் உண்டு, தெம்பு இல்லை. கிளம்பும்போது சர்வோ கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர இயலாது.

எவ்வளவு கேட்கும்? எம்.ஜி.996 ஆர் என்ற உலோகப் பற்சக்கரச் சர்வோ முட்டி நின்றால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். கணினியின் பழைய யு.எஸ்.பி. துளையோ அரை ஆம்பியருக்கென்று வகுக்கப்பட்டது. சர்வோவை நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்தே ஓட்டினால், மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவருக்குச் சர்வோ விட்டுவிட்டுத் துடிப்பதாகத் தெரியும். சர்வோவுக்குத் தனி மின்கலம் வையுங்கள். அதன் எதிர்முனையையும் பலகையின் எதிர்முனையையும் இணைக்க மறவாதீர்கள். இல்லாவிட்டால் துடிப்புக்குப் பொருளே இராது. சர்வோவின் மின்கம்பிகளுக்கு நடுவே 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை முனை மாறாமல் இணைத்தால் இன்னும் நல்லது.

வாங்கி வந்த சர்வோவை வண்டியில் பூட்டுமுன் சோதித்துவிடுங்கள். சரியாக 1.5 மில்லி வினாடித் துடிப்பை அனுப்புங்கள். தண்டு அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால், பக்கத்தில் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள திருகைச் சிறு திருப்புளியால் மெல்லத் திருப்பி நிறுத்தலாம். துளை இல்லாத வகையானால், எந்தத் துடிப்பில் நிற்கிறது என்று நிரலின் மூலம் தேடி, அந்த எண்ணைச் சர்வோவின் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள். பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே மறுபடி நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நிற்பதுதான் நம்பத்தக்க சர்வோ.

அடுத்து, சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரு திசைகளிலும் எண்ண வேண்டும். வண்டியில் இரு சர்வோக்களும் கண்ணாடிப் பிம்பம் போல் எதிரெதிராகப் பூட்டப்படுவதால், வண்டி முன்னே போகும்போது ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழலும். ஒன்றின் வல வேகமும் மற்றதன் இட வேகமும் ஒத்துப்போக வேண்டும். நூற்றுக்கு 2 பங்கு வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியாது. சக்கரங்களுக்கிடையே 10 செ.மீ. தூரம் இருந்தால், அந்த 2 பங்கு வேறுபாடு வண்டியை 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கொண்டுபோகும். ஒரு மீட்டர் போவதற்குள் 10 செ.மீ. விலகியிருக்கும். 5 பங்கு வேறுபட்டால் 25 செ.மீ. வேகமாக ஓடுவதன் துடிப்பை நடுப்புள்ளியை நோக்கிச் சற்று நகர்த்தி ஈடுகட்டலாம். ஆனால் மின்கலம் தளரும்போது கணக்கு மறுபடி பிசகும். எனவேதான் கோட்டைப் பார்க்கும் உணர்கருவி போன்ற ஒரு வழிகாட்டி வண்டிக்குத் தேவைப்படுகிறது.

வலிமையைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. 2 செ.மீ. ஆரமுள்ள ஒரு நூல் உருளையைத் தண்டில் பொருத்தி, அதில் நூலைக் கட்டி, நூலின் முனையில் அரை லிட்டர் தண்ணீருள்ள பாட்டிலைத் தொங்கவிடுங்கள். இது ஏறத்தாழ 1 கி.கி.-செ.மீ. சுமை. நேர்மின் மோட்டாரின் வேகம் சுமைக்கேற்ப நேராகக் குறையும். ஆகவே 3 கி.கி.-செ.மீ. சர்வோவின் வேகம் இச்சுமையில் மூன்றில் இரண்டு பங்காக வேண்டும். நிமிடத்துக்கு 50 சுற்று ஓடும் சர்வோ 33 சுற்றுக்கு இறங்கும். பாட்டில் தரையிலிருந்து மேசை உயரத்துக்கு, சுமார் 75 செ.மீ., ஏற 11 வினாடி பிடிக்கும். 20 வினாடி பிடித்தால் விவரத்தாளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பாதி வழியில் நின்றுவிட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

சரியான தூரமும் சரியான திருப்பமும் வேண்டும் என்றால் கண் கட்டிய சர்வோ போதாது. பாரலாக்ஸின் 360 பாகைச் சர்வோ ஒன்றில் தண்டின் இடத்தைக் காந்தத்தால் உணரும் ஹால் உணர்கருவி உள்ளது. நான்காவது கம்பி வழியாக இடத்தைத் திருப்பிச் சொல்லும். கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனத்தின் டைனமிக்ஸல் வகை மோட்டார்கள் சக்கரம் போலவும் ஓடும், கேட்டால் தங்கள் நிலையையும் தெரிவிக்கும். விலை பல மடங்கு. பள்ளி வண்டிக்கு இவை அவசியமில்லை. வண்டி கனமானது, வெகுநேரம் ஓட வேண்டியது என்றால், சர்வோவை விட்டுவிட்டுப் பற்சக்கரப் பெட்டியுள்ள சாதாரண மோட்டாரையும் அதற்கான இயக்கிப் பலகையையும் வாங்குவதே சிக்கனம்.

நிற்கும்போது எவ்வளவு சரிசெய்தும் ஊர்கிறதா? துடிப்பை அனுப்புவதையே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சாதாரண வகைச் சர்வோக்கள் துடிப்பில்லாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரம் தராது. மேசையின் விளிம்பில் நின்றாலும் நகராது. வாங்கும்போது, பணம் இடங்கொடுத்தால், இரண்டுக்குப் பதில் ஒரே பெட்டியிலிருந்து மூன்று சர்வோக்களை எடுத்து, ஒத்துப்போகும் இரண்டை வண்டியில் பூட்டுங்கள். மூன்றாவதன் நடுப்புள்ளி எண்ணையும் அன்றே கண்டுபிடித்து அதன் முதுகில் எழுதிவிடுங்கள். கண்காட்சி அன்று காலையில் அதைத் தேட நேரமிராது.